நூலக வரி, நூலக நிதி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும் சரி, வேறு ஊர் வாசகர் வட்டத்து நண்பர்கள் போனில் பேசும்போதும் சரி, நூலகத்துப் பணம் பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுப் பொது நூலகங்களைப் பற்றியவை.

நூலகத்துக்கு யார் காசு தர்றாங்க? கவர்மெண்ட்தானே?

அரசு மானியம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் தருகிறீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் "நூலக வரி" என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா, அதாவது 10 சதவீதம். அரையாண்டுக்கு 1000 ரூபாய் சொத்து வரி என்றால் அதன்மேல் 100 ரூபாய் நூலகத்துக்கு.

நான் பேசிப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கவனித்ததே இல்லை. ரசீதில் கடைசித் தொகையைப் பார்த்து, கட்டிவிட்டு, மடித்து வைத்துவிடுகிறோம். நூலகம் ஏதோ தர்மத்தில் நடக்கிற மாதிரியும், நாம் போய் எதையாவது கேட்டால் தவறு மாதிரியும் ஒரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது. அந்த ரசீதை ஒரு தடவை பார்த்துவிட்டால் கூச்சம் போய்விடும்.

நான் வாடகை வீட்ல இருக்கேன். நான் எங்க வரி கட்டறேன்?

வீட்டுக்காரர் கட்டுகிறார், அதை வாடகையில் சேர்த்து உங்களிடம் வாங்குகிறார். அப்படியே நீங்கள் ஒரு பைசா கட்டாவிட்டாலும் நூலகத்தில் உங்களுக்கு உள்ள உரிமை குறையாது. கேள்வி கேட்கும் உரிமையும்தான்.

இந்த வரி எப்போ வந்துச்சு, யார் கொண்டுவந்தாங்க?

நூலகத் தந்தை என்று நாம் சொல்கிற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். நூலகத்துக்கென்று தனி வரி இருந்தால்தான் அது நீடிக்கும் என்பது அவருடைய பிடிவாதமான கருத்து. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் அன்றைய சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். ஆரம்பத்தில் வரி இப்போதைவிடக் குறைவு, பிறகு படிப்படியாக ஏறி 10 பைசாவில் நிற்கிறது.

இதில் நாம் பெருமைப்பட ஒரு காரணம் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் இந்த ஏற்பாடு கிடையாது. ஆந்திரம், கர்நாடகம், கேரளம் நூலக வரி வைத்திருக்கின்றன. மகாராஷ்டிரம் 1967-லும் மேற்கு வங்கம் 1979-லும் நூலகச் சட்டம் போட்டன, ஆனால் வரி வைக்கவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் என்ன ஒதுக்குகிறார்களோ அதுதான் நூலகத்தின் கதி. ஒரு வருடம் புயல், இன்னொரு வருடம் தேர்தல் என்று ஏதாவது செலவு வந்தால் முதலில் கை வைப்பது நூலகத்தில்தான். நமக்கு வரி என்ற அஸ்திவாரம் 1950-லேயே போடப்பட்டுவிட்டது.

வசூலான பணம் நேரா எங்க ஊர் நூலகத்துக்கு வந்துடுமா?

வராது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவானாலும் அவர்கள் வேலை வசூலிப்பது மட்டும். வசூலித்ததை, மாவட்டத்துப் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆணைக்குழு அதை நூலக நிதி என்ற கணக்கில் வைத்து மாவட்டம் முழுவதற்கும் செலவழிக்கிறது: மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் எல்லாவற்றுக்கும். மாவட்ட நூலக அலுவலர்தான் ஆணைக்குழுவின் செயலாளர், அதனால் எதுவானாலும் கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும்.

"எங்க ஊர் வரி எங்க ஊருக்கே" என்று ஒரு நண்பர் சூடாகவே வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் சொத்து வரி கொட்டும். நூறு ஓட்டு வீடுகள் உள்ள கிராமத்தில் என்ன தேறும்? அந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்றால் பணம் ஒரே பானையில் சேர்ந்துதான் ஆக வேண்டும்.

வரிதான் வசூல் ஆகுதே, அப்புறம் ஏன் எப்பப் பார்த்தாலும் ஃபண்டு இல்லைன்னு சொல்றாங்க?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம். பணம் மூன்று இடங்களில் தங்கிவிடுகிறது. முதலாவது, நாம். சொத்து வரியை இழுத்தடித்தால் நூலக வரியும் சேர்ந்து நிற்கும், அது தனியாக வராது. இரண்டாவது, உள்ளாட்சி அமைப்பு. நம்மிடம் வாங்கிய நூலக வரியை ஆணைக்குழுவிடம் கொடுக்காமல் நிலுவை வைப்பது பழைய பழக்கம். தெருவிளக்கு, குடிநீர், தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று அவசரச் செலவு கழுத்தை நெரிக்கும்போது பெட்டியில் இருக்கிற பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது அவர்கள் பணம் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வாங்கிய காசு மாதிரிதான். கையில் இருக்கும், டெப்போவில் கட்டியாக வேண்டும்.

மூன்றாவது, ஆணைக்குழுவுக்கு வந்து சேர்ந்த பிறகு. வாடகை, மின் கட்டணம், பராமரிப்பு, பணியாளர்களுக்கான செலவு என்று தள்ளிப்போட முடியாதவை முதலில் போய்விடும். மிஞ்சியதில்தான் புத்தகமும் பத்திரிகையும். வரவு குறைந்தால் முதல் வெட்டு வார இதழ்களுக்கு, அடுத்தது புதுப் புத்தகங்களுக்கு. வாசகர் கண்ணில் படுவது அந்த வெட்டு மட்டும்தான், அதனால் நூலகரைத் திட்டுகிறோம். பாவம், அவர் கையில் ஒன்றுமே இல்லை.

எங்க ஊர்ல எவ்வளவு நிலுவைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லை என்றால் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

ஒரே மனுவோடு நிறுத்த வேண்டாம், இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். உள்ளாட்சி அலுவலகத்திடம்: கடந்த ஐந்து நிதியாண்டில் ஆண்டுவாரியாக வசூலான நூலக வரி எவ்வளவு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில், மீதி எவ்வளவு. ஆணைக்குழுவிடம்: இந்த உள்ளாட்சியிலிருந்து அதே ஐந்து ஆண்டில் வரப்பெற்றது எவ்வளவு. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் இரண்டு அலுவலகம் தந்த எண்களும் பொருந்தவில்லை. யார் மேலும் பழி போடாமல் "இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்குங்கள்" என்று இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினோம், அதற்கு அப்புறம்தான் கோப்பு நகர ஆரம்பித்தது. "ஏன் கட்டவில்லை?" என்று மனுவில் கேட்காதீர்கள். இந்தச் சட்டத்தில் கேட்க முடிவது பதிவேட்டில் உள்ள தகவலை, காரண விளக்கத்தை அல்ல. அதைச் சொல்லியே மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

சரி, எண்ணு கையில வந்துடுச்சு. அடுத்து என்ன, சண்டை போடணுமா?

வேண்டாம். கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூலக வரி நிலுவையைச் செலுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேளுங்கள், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். நகரம் என்றால் உங்கள் வார்டு உறுப்பினர். அவரிடம் நீளமாகப் பேசவே வேண்டாம், ஒரே தாளில் ஐந்து வருட எண்ணையும் எழுதிக் கொடுத்து மன்றக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். பல உறுப்பினர்களுக்கு இப்படி ஒரு வரி ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

பல வருட நிலுவையை ஒரே நாளில் கட்டச் சொன்னால் நடக்காது. இந்த வருடத்து வரியை முழுதாக, பழையதைத் தவணையாக என்று கேட்டால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: நூலகரை முன்னால் நிறுத்தாதீர்கள். அவர் அரசுப் பணியில் இருப்பவர், வாயைத் திறந்தால் அவருக்குத்தான் சங்கடம். நமக்கு அந்தத் தடை இல்லை.

சொத்து வரி ஏறினா நூலகத்துக்கும் ஏறுமா?

ஏறும், வரி அதன் சதவீதம்தானே. 2022-ல் தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எல்லோரும் புலம்பினோம், நானும்தான். ஆனால் அதோடு சேர்ந்து நூலக வரியும் தானாகவே உயர்ந்தது. அந்தக் கூடுதல் தொகை நூலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. தகவல் கேட்கும்போது 2022-க்கு முன், பின் என்று பிரித்துக் கேளுங்கள்.

வரியும் கட்டணும், புரவலர் திட்டம்னு 1000 ரூபாயும் கேக்கறீங்க. இது நியாயமா?

நியாயமான கேள்வி. நூலகத்துக்கு 1000 ரூபாய் நன்கொடை தந்து அதன் ஆதரவாளராகப் பதிவதுதான் புரவலர் திட்டம். அது முழுக்க விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வரி செய்ய வேண்டிய வேலையை நன்கொடை செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உடைந்த மின்விசிறியை வாசகர்களே காசு போட்டு மாற்றிக்கொண்டே இருந்தால், அப்படி ஒரு செலவு இருப்பதே ஆணைக்குழுவின் கணக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

பின்னே புரவலர் எதற்கு? ஒரு ஊரில் நூறு புரவலர் இருக்கிறார்கள் என்றால் அந்த ஊருக்கு நூலகம் வேண்டும் என்பதற்கு அது சாட்சி. புது நூலகம் கேட்கும்போதும், பகுதி நேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாகவோ கிளை நூலகமாகவோ தரம் உயர்த்தக் கேட்கும்போதும் அந்தப் பட்டியல் பேசும். பணத்துக்குக் கட்டாயம் ரசீது வாங்குங்கள்.

எம்.எல்.ஏ. நிதியில புதுக் கட்டடம் கட்டித் தர்றேங்கறாங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி எல்லாம் ஒரு தடவை செய்யும் வேலைக்கானது. கட்டடம் வரும். மாதா மாதம் மின் கட்டணம், ஆள் சம்பளம், நாளிதழ் எதுவும் அதிலிருந்து வராது. "நமக்கு நாமே" திட்டமும் அப்படித்தான், பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், ஆனால் வேலை முடிந்ததோடு சரி. ரிப்பன் வெட்டி ஒரு வருடம்கூட ஆகாமல் பூட்டிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

இது இன்று நேற்றைய சிக்கல் இல்லை. 1850-ல் பிரிட்டன் தன் முதல் பொது நூலகச் சட்டத்தைப் போட்டபோது, வரிப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆனால் புத்தகம் வாங்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். புத்தகம் யாராவது தானமாகத் தருவார்கள் என்று நம்பினார்கள். ஐந்தே வருடத்தில், 1855-ல், சட்டத்தை மாற்ற வேண்டி வந்தது. பிற்பாடு அமெரிக்காவில் ஊர் ஊராக நூலகம் கட்டிக் கொடுத்த ஆண்ட்ரூ கார்னெகி இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கட்டடத்துக்குக் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் உள்ளூர் நிர்வாகம் நடத்தும் செலவுக்கு ஒதுக்குவதாக உறுதி தந்தால்தான் அவர் பணம் தந்தார்.

நாமும் அதே மாதிரி அஸ்திவாரம் தோண்டும் முன்னால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்க வேண்டும்: இடம் யார் பெயரில் இருக்கிறது, மின் கட்டணம் யார் கட்டுவார்கள், நூலகர் பணியிடம் இருக்கிறதா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் அவசரப்படாதீர்கள்.

துபாய்ல இருக்கிற நம்ம ஊர்க்காரர் அஞ்சு லட்சம் தர்றேன்றார். எப்படி வாங்கறது?

நல்ல மனசு, வாழ்த்துகள். மொத்தத்துக்கும் புத்தகமும் நாற்காலியும் வாங்கிவிட்டால் மூன்று வருடத்தில் எல்லாம் பழசு. அதை வைப்பு நிதியாக வைத்து வட்டியை மட்டும் செலவழிக்கலாமா என்று அவரிடம் பேசுங்கள். 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 30,000 ரூபாய், ஒரு சிறிய நூலகத்துக்கு நாளிதழும் மாத இதழும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் வாங்க அது பெரிய தொகை. வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப அசலோடு சேர்த்துவிட்டால் விலைவாசி ஏறினாலும் தாக்குப்பிடிக்கும். அறக்கொடைகளின் வருமானம் நூலக நிதியில் சேர நம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எந்த நூலகத்துக்கு, எதற்காக என்பதைக் கொடையாளர் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் மாவட்டப் பொதுக் கணக்கில் கரைந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருந்து சம்பாதித்து அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும், எழுத்தில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே வாங்க வேண்டும். தயவுசெய்து வாசகர் வட்டப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள்.

கம்பெனிக்காரங்க சிஎஸ்ஆர் பணம் தருவாங்களாமே?

தருவார்கள். சிஎஸ்ஆர் என்பது நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுவது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது நூலகம் அமைப்பது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது, அதனால் அவர்களிடம் இதை விளக்கிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நிறுவனத்தின் லாபம் குறைந்தால் இதுவும் குறையும். மூன்று வருடத்துக்கு எழுத்தில் உறுதி கேளுங்கள், கணினி மாதிரி பொருளாகத் தந்தால் அதன் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்க ஊராட்சி நூலகம் பூட்டியே கெடக்கு. அதுக்கும் இந்த நூலக வரிதானா?

முதலில் பெயர்ப் பலகையைப் பாருங்கள். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவை ஊராட்சியின் சொத்து, பொது நூலகத் துறையின் கீழ் வராது. மேலே நான் சொன்ன நூலக நிதிக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் மாவட்ட நூலக அலுவலரிடம் போய்க் கேட்டால் "அது எங்களுடையது இல்லை" என்பார், அவர் சொல்வது உண்மைதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊராட்சியின் பொது நிதியிலிருந்து திறந்து நடத்தக் கேட்டு கிராம சபையில் தீர்மானம். இன்னொன்று, அந்தக் கட்டடத்தை வாடகையில்லாமல் தருவதாக ஊராட்சி எழுதிக் கொடுக்க, உறுப்பினரும் புரவலரும் சேர்த்து, பொது நூலகத் துறையிடம் பகுதி நேர நூலகம் கேட்பது. இரண்டாவது மெதுவாக நடக்கும், ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அப்போதுதான் அந்த நூலகம் வரிப் பணத்தின் கீழ் வரும்.

யாருமே வராத நூலகத்துக்கு எதுக்குக் காசுன்னு கவுன்சிலர் கேக்கறார். என்ன சொல்ல?

புதுப் புத்தகம் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் புதுப் புத்தகம் இல்லை. இதை வாயால் விளக்குவதைவிட வருகைப் பதிவேட்டைக் காட்டுவது மேல். நம்மில் பலர் பேப்பர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுகிறோம். இருபது பேர் வந்த நாளில் பதிவேட்டில் ஏழு பேர்தான் இருந்தால் அரசுக்கு அது ஏழு பேர் வந்த நூலகம். உள்ளே போனதும் முதலில் கையெழுத்து, அப்புறம் நாளிதழ். காசே செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது இது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளையும் கவுன்சிலரிடம் நேரில் கூட்டிப்போங்கள். வீட்டில் ஓர் அறைதான், அதிலும் டிவி ஓடும், வேறு எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று ஒரு பெண் சொன்னபோது எங்கள் கவுன்சிலரிடம் பதில் இல்லை.

ரெண்டு வருஷம் ஒழுங்கா பணம் வந்துச்சு. அதிகாரி மாறினதும் நின்னுபோச்சு. இதை எப்படித்தான் நிலையா வைக்கிறது?

ஒரு நல்ல அதிகாரியை நம்பி நடந்தது அவரோடு போய்விடும். எங்களுக்கும் அப்படி ஒரு தடவை ஆனது, முதலில் இருந்து மறுபடி ஆரம்பித்தோம். இப்போது நாங்கள் செய்வது ஒரு நாட்காட்டி. சொத்து வரி அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது, அதனால் ஒவ்வொரு அரையாண்டும் முடிந்த மாதத்திலேயே "நூலக வரி செலுத்தப்பட்டதா" என்று உள்ளாட்சிக்கு ஒரு கடிதம். உள்ளாட்சி பட்ஜெட் தயாராவதற்கு முன், ஜனவரியில், வார்டு உறுப்பினரோடு ஒரு சந்திப்பு. வருடத்துக்கு ஒரு தகவல் மனு. புது அதிகாரி வந்தால் முதல் வாரத்திலேயே போய் வணக்கம் சொல்லி, பழைய கடிதங்களின் நகலைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இதை ஒரே ஆள் செய்யக் கூடாது. எங்களில் மூன்று பேரிடம் அந்தக் கோப்பின் நகல் இருக்கிறது, அதில் ஒருவர் கல்லூரியில் படிக்கும் பெண். கடந்த அக்டோபர் கடிதத்தை அவர்தான் எழுதினார், பதிலும் அவர் பெயருக்கே வந்தது.